டயட் கோலா குடித்தால் எடை ஏறுமா? எதற்குப் பதிலாகக் குடிக்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்

என் மச்சினனை வாரத்தில் இரண்டு நாளாவது ராத்திரி புரோட்டா கடையில்தான் பார்க்கலாம். நாலு புரோட்டா, மூழ்கும் அளவுக்குச் சால்னா, ஒரு கலக்கி, அதோடு ஒரு டின் ஜீரோ சுகர் கோலா. "அதான் சீனி இல்லாததைத்தானே குடிக்கிறேன் மச்சான்" என்பான். ஒரு வருஷத்தில் நாலு கிலோ ஏறியது. அந்த நேரம் பார்த்து அவனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது: டயட் கோலாதான் ஆளைக் குண்டாக்குகிறது, அதற்குச் சாதாரண கோலாவே தேவலாம் என்று. மறுநாளே சாதாரண கோலாவுக்கு மாறிவிட்டான். புரோட்டாவில் ஒன்றுகூடக் குறையவில்லை.

அவனைப் பார்த்துச் சிரித்தேன், ஆனால் சிரிக்கிற தகுதி எனக்கும் இல்லை. நான் கோலா பக்கம் போவதில்லை, டீ மட்டும் ஒரு நாளைக்கு நாலு. எடை 84 கிலோ. போன வருஷம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "சீனியை நீங்களா நிறுத்துங்க, இல்லேன்னா சுகர் வந்து நிறுத்த வைக்கும்" என்றார். (எங்கள் மதுரைப் பக்கம் இதில் ஒரு வசதி உண்டு, டப்பாவில் இருப்பது சீனி, உடம்பில் வந்தால் சுகர். குழப்பமே வராது. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.)

ஆக, வீட்டில் இரண்டு பேர் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அவனுக்கு சாதாரண கோலாவா, டயட் கோலாவா, தண்ணீரா என்று. எனக்கு சீனியா, நாட்டுச் சர்க்கரையா, இனிப்பு மாத்திரையா, இல்லை ஒன்றுமே இல்லாத டீயா என்று. உட்கார்ந்து படிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, "டயட் சோடா எடையைக் கூட்டுமா" என்ற கேள்வியே அரைகுறை. எதற்குப் பதிலாக என்று சேர்த்துக் கேட்காவிட்டால் அதற்குப் பதில் கிடையாது.

முதலில் கணக்கு. சாதாரண கோலாவில் 100 மில்லிக்குப் பத்து கிராமுக்குக் கொஞ்சம் மேலே சீனி. 300 மில்லி டின் ஒன்றில் சுமார் 32 கிராம், அதாவது ஆறு டீஸ்பூனுக்கும் மேல், 130 கலோரிக்குப் பக்கம். டயட் டின்னில் அது ஏறக்குறைய பூஜ்யம், சீனிக்குப் பதில் செயற்கை இனிப்பு போட்டிருப்பார்கள். மச்சினன் வாரத்துக்கு இரண்டு டின் குடிக்கிறான் என்றால், சாதாரண கோலாவாக இருந்தாலும் வாரத்துக்கு 64 கிராம் சீனி. இப்போது என் கணக்கைப் பாருங்கள். கடை டீ ஒன்றுக்கு இரண்டு ஸ்பூன், பத்து கிராம். நாலு டீக்கு 40 கிராம். வாரத்துக்கு 280 கிராம். கோலா குடிக்கிறவனைக் கிண்டல் செய்துகொண்டிருந்த நான் அவனைவிட நாலு மடங்குக்கும் மேல் சீனி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன அளவு, ஒரு நாளில் சாப்பிடும் மொத்த கலோரியில் சேர்த்த சீனி பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அந்த ஐந்து சதவீதம் 25 கிராம். என் டீ மட்டுமே அதைத் தாண்டிவிட்டது. பிஸ்கட், கேசரி, சொந்தக்காரர் வீட்டு லட்டு எல்லாம் அதற்கு மேலே.

நம் ஊரில் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் கோலாவைத்தான் திட்டுகிறோம். அமெரிக்காவில் அது நியாயம், அங்கே பெரிய தம்ளரில் தினமும் சோடா குடிக்கிற கூட்டம் இருக்கிறது, ஆராய்ச்சிகளும் பெரும்பாலும் அவர்களை வைத்துத்தான் நடந்திருக்கின்றன. நமக்குச் சீனி வருகிற வழி வேறு. அது டீ கிளாஸ் வழியாக, பத்துப் பத்து கிராமாக வருகிறது.

சரி, ஆராய்ச்சிக்கு வருவோம். மச்சினனுக்கு வந்த செய்தி முழுப் பொய் இல்லை. ஆயிரக்கணக்கான பேரைப் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், செயற்கை இனிப்பு அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு எடையும் அதிகம், சுகர் வருவதும் அதிகம் என்று திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஆனால் இதில் ஒரு சிக்கல். காலையில் வண்டியூர் கண்மாய்க் கரையில் போய் நின்று பாருங்கள். நடக்கிறவர்களில் எத்தனை பேருக்குச் சுகர், எத்தனை பேருக்குத் தொப்பை! அதை வைத்து வாக்கிங் போனால் சுகர் வரும் என்று சொல்லலாமா? சுகர் வந்ததால்தான் டாக்டர் அவர்களை நடக்கச் சொன்னார். டயட் கோலாவும் அப்படித்தான், ஏற்கெனவே எடை ஏறிக்கொண்டிருக்கிறவர்தான் பெரும்பாலும் அதை வாங்குகிறார். ஒல்லியாக இருக்கிற கல்லூரிப் பையன் எதற்கு டயட் டின்னைத் தேடப் போகிறான்? ஆய்வாளர்களும் இதைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்யத்தான் பார்க்கிறார்கள், முழுசாகச் சரிசெய்ய முடிவதில்லை.

அதனால் இன்னொரு வகைச் சோதனையைப் பார்க்க வேண்டும், யார் எதைக் குடிப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி பிரித்துக் கொடுத்துப் பார்ப்பது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது நெதர்லாந்தில் நடந்தது, 2012-இல் வெளியானது. கிட்டத்தட்ட ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் 641 பிள்ளைகள். தினமும் பள்ளிக்கூடத்தில் 250 மில்லி பானம். பாதிப்பேருக்குச் சீனி போட்டது, 104 கலோரி. மீதிப்பேருக்கு செயற்கை இனிப்பு போட்டது. டின் ஒரே மாதிரி, ருசியும் அநேகமாக ஒரே மாதிரி, எது யாருக்கு என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒன்றரை வருஷம் கழித்து நிறுத்துப் பார்த்தால், வளர்கிற பிள்ளைகள் என்பதால் இரண்டு பக்கமும் எடை கூடித்தான் இருந்தது. ஆனால் சீனி குடித்தவர்களுக்கு 7.37 கிலோ, மற்றவர்களுக்கு 6.35 கிலோ. ஒரு நாளைக்கு ஒரு சின்ன டின் வித்தியாசத்தில் ஒன்றரை வருஷத்தில் ஒரு கிலோ.

டென்மார்க்கில் இதைவிடச் சின்னதாக, 47 பேரை வைத்து ஒரு சோதனை. ஆனால் நமக்கு வேண்டிய ஒப்பீடு அதில் இருக்கிறது. எடை அதிகமான பெரியவர்களை நாலு கூட்டமாகப் பிரித்து, ஆறு மாதம் தினமும் ஒரு லிட்டர் குடிக்க வைத்தார்கள், ஒரு கூட்டத்துக்குச் சாதாரண கோலா, ஒன்றுக்கு டயட் கோலா, ஒன்றுக்குப் பால், ஒன்றுக்குத் தண்ணீர். சாதாரண கோலா கூட்டத்துக்குக் கல்லீரலிலும் வயிற்றுக்குள்ளேயும் சேர்கிற கொழுப்பு கணிசமாக ஏறியது. டயட் கோலா கூட்டமும் தண்ணீர் கூட்டமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. (மொத்த உடம்புக் கொழுப்பில் நாலு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மெஷினில் ஏறி நின்று எடையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கலாம், எடை அப்படியே இருக்கும்போதே கல்லீரலில் கொழுப்பு ஏறலாம்.)

ஆக, சாதாரண கோலாவுக்குப் பதிலாக டயட் கோலா என்றால் விஷயம் தெளிவு. டயட்தான் மேல். மச்சினன் மாறியது தப்பான பக்கம்.

தண்ணீருக்குப் பதிலாக டயட் கோலா என்றால்? இங்கேதான் குழப்பம், கொஞ்சம் பணமும் கலந்திருக்கிறது. அமெரிக்காவில் 303 பேர் எடை குறைக்கும் வகுப்பில் சேர்ந்தார்கள், பாதிப்பேர் தண்ணீர், பாதிப்பேர் டயட் பானம். ஒரு வருஷத்தில் தண்ணீர் கூட்டம் சராசரியாக 2.45 கிலோ குறைந்தது, டயட் கூட்டம் 6.21 கிலோ. ஆச்சரியமாக இருக்கிறதா, செலவை ஏற்றது அமெரிக்கக் குளிர்பான நிறுவனங்களின் சங்கம். ஈரானில் 62 பெண்களை வைத்துச் செய்ததில் முடிவு நேர் எதிர், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தண்ணீர் குடித்தவர்கள் 24 வாரத்தில் 8.8 கிலோ குறைந்தார்கள், டயட் பானம் குடித்தவர்கள் 7.6 கிலோ. அப்புறம் இங்கிலாந்தில் லிவர்பூலில் 493 பேர், ஒரு வருஷம், தண்ணீருக்கு 6.1 கிலோ, டயட்டுக்கு 7.5. இதற்கும் பணம் கொடுத்தது அதே சங்கம்.

பணம் கொடுத்தவர் யார் என்பதாலேயே முடிவு பொய் என்று நான் சொல்ல வரவில்லை. எண்களைப் பார்த்தால், மூன்றிலும் எல்லாக் கூட்டமும் எடை குறைந்திருக்கிறது, ஏனென்றால் எல்லோரும் சாப்பாட்டைக் கட்டுப்படுத்துகிற வகுப்பில் இருந்தார்கள். பானம் எது என்பதால் வந்த வித்தியாசம் ஒன்றில் இந்தப் பக்கம், இன்னொன்றில் அந்தப் பக்கம். தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறவர் எடைக்காக டயட் கோலாவுக்கு மாற வேண்டிய அவசியம் இதில் எதிலும் எனக்குத் தெரியவில்லை. தண்ணீருக்குக் காசும் கிடையாது.

2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது, எடையைக் கட்டுப்படுத்த செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று. அந்தத் தலைப்புச் செய்திதான் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் மச்சினன் போனில் வேறு உருவத்தில் விழுந்தது. அவர்கள் உள்ளே சொன்னதைப் பார்த்தால், பிரித்துக் கொடுத்துப் பார்த்த சோதனைகளை எல்லாம் சேர்த்தால் செயற்கை இனிப்புப் பக்கம் சுமார் 0.7 கிலோ எடை குறைவு. நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்தால் எடையும் சுகரும் கூடுதல். இரண்டும் ஒத்துப்போகாததால், நீண்டகாலப் பலன் உறுதியில்லை என்று சொல்லி, அந்தப் பரிந்துரையையும் நிபந்தனைக்கு உட்பட்டது என்றே வகைப்படுத்தினார்கள். இன்னொன்று, ஏற்கெனவே சுகர் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். இந்த வரி மட்டும் எந்த வாட்ஸ்அப் செய்தியிலும் வருவதில்லை. எங்கள் அம்மா பதினைந்து வருஷமாகச் சுகரோடு இருக்கிறவர், இந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு டீயில் போடுகிற இனிப்பு மாத்திரை டப்பாவைத் தூக்கிப்போட்டு மறுபடி சீனிக்குப் போகப் பார்த்தார், நல்ல வேளையாகக் கேட்டுவிட்டுப் போட நினைத்தார்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம், எல்லா இனிப்பையும் ஒரே பெயரில் கூப்பிடுவது. சாக்கரின், அஸ்பார்டேம், சுக்ரலோஸ், ஸ்டீவியா நாலும் வேதியியலில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பொருள்கள், நாக்கை ஏமாற்றுவதில் மட்டும்தான் உறவு. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் இவற்றைத் தனித்தனியாக வைத்து, பக்கத்திலேயே சீனியையும் வைத்து, 12 வாரம் தினமும் ஒரு லிட்டருக்கு மேல் குடிக்க வைத்துப் பார்த்தார்கள், முடிவு 2019-இல் வந்தது. சீனி குடித்தவர்களுக்கு 1.85 கிலோ ஏறியது. சாக்கரினுக்கும் ஏறியது, 1.18 கிலோ. சுக்ரலோஸ் கூட்டத்துக்குக் கொஞ்சம் இறங்கியது. அஸ்பார்டேமும் ஸ்டீவியாவும் பெரிதாக அசையவில்லை. அப்புறம் 2022-இல் இஸ்ரேலில் 120 பேரை வைத்து இரண்டு வாரம் செய்த சோதனையில், சாக்கரினும் சுக்ரலோஸும் குடலில் இருக்கிற நுண்ணுயிர்களை மாற்றி, சாப்பிட்டதும் ரத்தச் சர்க்கரை ஏறும் விதத்தையே சிலருக்குக் கெடுத்தன. எல்லோருக்கும் இல்லை, ஆளுக்கு ஆள் மாறியது. இது எடை பற்றிய சோதனை இல்லை, ஆனாலும் "ஒன்றும் செய்யாமல் அப்படியே வெளியே போய்விடும்" என்று விளம்பரக்காரர்கள் சொல்வதை நம்புகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

நாக்கில் இனிப்புப் பட்டதுமே இன்சுலின் எகிறும், அதனால் கொழுப்பு சேரும் என்றும் ஒரு கதை ஓடுகிறது. டயட் பானத்தைத் தனியாகக் குடிக்க வைத்துப் பார்த்த சோதனைகளில் பெரும்பாலும் அப்படி எகிறவில்லை. எனக்கு நம்பிக்கை தருகிற விளக்கம் அதைவிடச் சாதாரணமானது. டயட் குடிக்கிறோம் என்ற தைரியத்தில் நாலாவது புரோட்டா உள்ளே போகிறது. அளவைப் பொறுத்து ஒரு புரோட்டா 200 முதல் 300 கலோரி. டின்னில் மிச்சம் பிடித்த 130 ஒரு புரோட்டாவுக்கே காணாது.

கொஞ்சம் வழி விலகுகிறேன். இந்த இனிப்புகள் கண்டுபிடிக்கப்பட்ட கதைகளைப் படித்தால், ஆய்வுக்கூடத்தில் கை கழுவுகிற பழக்கம் எவருக்குமே இல்லையோ என்று தோன்றும். 1879-இல் அமெரிக்காவில் ஃபால்பெர்க் என்ற வேதியியலாளர் வேலை முடிந்து கையைச் சரியாகக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தார், ரொட்டி இனித்தது, சாக்கரின் வந்தது. 1965-இல் ஷ்லாட்டர் என்பவர் காகிதத்தை எடுக்க விரலை நக்கினார், அஸ்பார்டேம் வந்தது. எனக்கு மிகவும் பிடித்தது சுக்ரலோஸ் கதை. 1976, லண்டன். இந்தியாவிலிருந்து போன சசிகாந்த் பட்னிஸ் என்ற இளைஞரிடம் அவருடைய பேராசிரியர் ஒரு பொருளை "டெஸ்ட்" செய்யச் சொன்னார். இவர் காதில் "டேஸ்ட்" என்று விழுந்தது. எடுத்து வாயில் போட்டுவிட்டார். நம் ஆள்தான், சொன்ன பேச்சைத் தட்டவில்லை. சீனியைவிட 600 மடங்கு இனிப்பு.

இந்த சுக்ரலோஸ் மாத்திரையைத்தான் நான் டீயில் போட்டுப் பார்த்தேன். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் செய்து 2024-இல் வெளியான ஒரு சோதனை, படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன், ஏனென்றால் இதில் கோலா இல்லை, பர்கர் இல்லை, நம்மைப் போல தினமும் டீயிலும் காபியிலும் சீனி போட்டுக் குடிக்கிற சுகர்காரர்கள். 12 வாரம். ஒரு கூட்டம் சீனிக்குப் பதில் சுக்ரலோஸ் போட்டது, இன்னொரு கூட்டம் வழக்கம்போலச் சீனி. முடித்த 179 பேரில், மூன்று மாதச் சர்க்கரை சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி இரண்டு பக்கமும் பெரிதாக மாறவில்லை. சுக்ரலோஸ் கூட்டத்துக்கு எடை சராசரியாக 0.3 கிலோ குறைந்தது, இடுப்புச் சுற்றளவும் கொஞ்சம் குறைந்தது. 300 கிராம்! சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அவர்கள் சாப்பாட்டில் வேறு எதையும் மாற்றவில்லை, டீயை மட்டும் மாற்றினார்கள். அதே நேரம், மாத்திரை போட்டதால் எடை ஏறவும் இல்லை. எனக்கு வேண்டிய பதில் பாதி இதில் கிடைத்துவிட்டது.

அந்த மாத்திரை டப்பாவை ஒரு மாதம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பெருவிரலால் மேலே அழுத்தினால் டிக் என்று ஒரு மாத்திரை விழும், கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, ஒரு டீஸ்பூன் சீனிக்குச் சமம் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. சூடான டீயில் போட்டால் சுற்றிலும் நுரை கட்டிக் கரையும். கடை டீயில் இதைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தால் பக்கத்தில் நிற்பவர் தினம் ஒருத்தராவது "எத்தனை வருஷமா சுகர்ண்ணே?" என்று கேட்பார், அப்புறம் தன் சுகர் கதையைச் சொல்வார், டீ ஆறிப்போகும். இதைத் தாங்கிக்கொள்ளலாம். எனக்கு ஒத்துவராதது பின்ருசி. குடித்து முடித்துக் கால் மணி நேரம் கழித்தும் நாக்கின் பின்பக்கம் ஒரு இனிப்பு ஒட்டிக்கொண்டே இருந்தது. ஸ்டீவியா அதைவிட மோசம், அதிமதுரம் கடித்த மாதிரி. பழகிவிடும் என்கிறார்கள், அம்மாவுக்குப் பழகிவிட்டது. வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், அஸ்பார்டேம் அடுப்புச் சூட்டில் இனிப்பை இழந்துவிடும், அதனால் கேசரி கிண்ட உதவாது. ஆறிக்கொண்டிருக்கிற டீக்குச் சரி.

அடுத்து நாட்டுச் சர்க்கரை. இப்போது டீக்கடைகளில் கருப்பட்டிக் காபி, நாட்டுச் சர்க்கரை டீ என்று போர்டு வைத்து ஐந்து, பத்து ரூபாய் கூட்டி வாங்குகிறார்கள். ருசி அருமை, கருப்பட்டிக் காபிக்கு நான் அடிமை. ஆனால் எடை கணக்கில் இதற்கு எந்தச் சலுகையும் கிடையாது. 100 கிராம் சீனி 400 கலோரி என்றால் வெல்லம் 380 பக்கம். கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் தாது உப்பு இருக்கிறது, வாஸ்தவம். அந்த இரும்புக்காக வெல்லம் சாப்பிடுவதற்கு முருங்கைக்கீரை சாப்பிடலாம். இனிப்பு கொஞ்சம் மந்தம் என்பதால் இரண்டு ஸ்பூனுக்குப் பதில் இரண்டரை ஸ்பூன் போடுவார்கள், கணக்கு சீனியைத் தாண்டிவிடும். தேனும் இப்படியே. சுகர் இருக்கிறவர்களிடம் "சீனிதான் விஷம், கருப்பட்டி மருந்து" என்று சொல்லி விற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். ஜீரோ கோலா விளம்பரமாவது லேபிளில் உண்மையைப் போட்டிருக்கிறது.

கடைசி வழி, சும்மா குறைப்பது. இதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். கடையில் இது லேசு இல்லை. எங்கள் டீக்கடை மாஸ்டர் வரிசையாகக் கிளாஸை வைத்து முதலில் சீனியைப் போட்டுவிடுவார், அப்புறம்தான் பாலும் டிகாக்ஷனும். நாம் வாயைத் திறப்பதற்குள் இரண்டு ஸ்பூன் விழுந்திருக்கும். "சீனி கம்மி" என்பதற்கு அவர் அகராதியில் ஒன்றே முக்கால் ஸ்பூன் என்று அர்த்தம். அதனால் "ஒரு ஸ்பூன்" என்று எண்ணிச் சொல்ல ஆரம்பித்தேன். மூன்று வாரம் டீ வெந்நீர் மாதிரி இருந்தது. அப்புறம் அரை ஸ்பூன், இன்னும் மூன்று வாரம். அதன் பிறகு ஒரு நாள் மறந்துபோய் பழைய டீயைக் கொடுத்துவிட்டார், கடைசி மடக்கில் அடியில் தங்கியிருந்த சீனி பாயசம் மாதிரி தொண்டையில் இறங்கியது, குடிக்க முடியவில்லை. மாத்திரை போட்ட ஒரு மாதத்தில் இது நடக்கவில்லை. இனிப்பு அளவு அப்படியே இருந்ததால் நாக்கு எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பது என் ஊகம்.

ஒருத்தருக்குச் சரியானது இன்னொருத்தருக்குச் சரி இல்லை. அம்மா இனிப்பு மாத்திரையை விடத் தேவையில்லை என்று அவருடைய டாக்டரே சொன்னார், எழுபது வயதில் இனிப்பே இல்லாத டீயைக் கொடுத்தால் அவர் டீயை விட்டுவிட்டு ஒளித்து மிட்டாய் சாப்பிடுவார் என்பது எங்களுக்கும் தெரியும். தினம் ஒரு லிட்டர் கோலா குடிக்கிற ஆள் இருந்தால் அவரைத் தண்ணீருக்கு மாறு என்று சொல்வதைவிட டயட்டுக்கு மாறு என்று சொல்வது நடக்கிற காரியம், நாலு மாதம் கழித்து மோருக்கு இழுக்கலாம். பிள்ளைகளுக்கு மட்டும் நான் இரண்டையும் கொடுப்பதில்லை. நெதர்லாந்துச் சோதனையில் டயட் பக்கம்தான் ஜெயித்தது, ஆனால் அதில் தண்ணீர் போட்டியிலேயே இல்லை. அஸ்பார்டேம் சேர்த்த டின்களில் குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்றும், பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது என்றும் நம் நாட்டிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது, திருப்பிப் பாருங்கள்.

புற்றுநோய் பற்றி யாராவது கேட்பீர்கள். 2023 ஜூலையில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அஸ்பார்டேமை 2பி பட்டியலில் சேர்த்தது, புற்றுநோய் வரவைக்கலாம், ஆனால் சான்று குறைவு என்ற வகை. அதே நாளில் உணவுச் சேர்ப்புப் பொருள்களுக்கான நிபுணர் குழு, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. 70 கிலோ ஆள் அந்த வரம்பைத் தாண்ட தினமும் ஒன்பதிலிருந்து பதினான்கு டின் வரை குடிக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு டின் குடிக்கிற மச்சினன் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை, அவன் பயப்பட வேண்டியது சால்னாவில் மிதக்கிற எண்ணெய்க்கு.

அவனிடம் இதையெல்லாம் ஒரு ராத்திரி உட்கார வைத்துச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்போ மறுபடி டயட்டுக்கே போயிரவா மச்சான்?" என்றான். போ, ஆனால் புரோட்டா இரண்டோடு நிறுத்து என்றேன். டயட்டுக்குப் போய்விட்டான். புரோட்டா இப்போது மூன்றில் நிற்கிறது.

என் எடை ஐந்து மாதத்தில் 84-லிருந்து 81-க்கு வந்திருக்கிறது. இதை டீயின் வெற்றி என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் டீயில் சீனியைக் குறைத்த அதே வாரம் நாலு மணி உளுந்த வடையையும் விட்டேன். இனிப்பு இல்லாத டீக்கு வடை சேரவில்லை. மூன்று கிலோவில் எவ்வளவு சீனியுடையது, எவ்வளவு வடையுடையது என்று இனி பிரிக்க முடியாது.